வானத்து மாப்பிள்ளை

பீரங்கிக் குண்டுகளுக்குள் வெடிமருந்து நிரப்புகிற வேலை அக்காவுக்கு. மருந்து பட்டுப் பட்டு முகமும் கையும் மஞ்சளாகிவிட்டன. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. தங்கை அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள். அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது தங்கையின் புருஷன் விஷயத்தில்தான்.

போர் தொடங்கியதும் இரண்டு மாப்பிள்ளைகளும் ஒன்றாகத்தான் படையில் சேர்ந்தார்கள். அக்கா புருஷன் கொத்தனார். கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பதுங்குகுழிக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கை புருஷன் மோட்டார் மெக்கானிக். அப்போதுதான் போருக்கு விமானம் வந்திருந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொண்டு மேலே போய்விட்டார். எதிரி விமானம் ஒன்றை வீழ்த்தியதும் பத்திரிகையில் படம் வந்தது. தெருவே அவரை 'வானத்து மாப்பிள்ளை' என்றது. ரொட்டிக் கடை வரிசையில் தங்கைக்கு வழிவிட்டார்கள்.

"என் வீட்டுக்காரர் மட்டும் சேத்துல உக்காந்து சீட்டா ஆடறாரு?" என்று அக்கா அடுப்படியில் பாத்திரங்களிடம் கேட்டாள்.

ஒருநாள் எதிரி சத்தமே இல்லாத ஆயுதம் ஒன்றை அவிழ்த்துவிட்டான். பச்சைப் புகை காற்றோடு தவழ்ந்து வந்து குழிக்குள் இறங்கியது. கொத்தனார் உயிர் பிழைத்தார். ஆனால் கண் மங்கிவிட்டது, மூச்சு பாதியாகிவிட்டது. ரயிலடியில் அவரை அழைத்துவர அக்கா மட்டும்தான் நின்றாள்.

அதே வாரம் வானத்து மாப்பிள்ளை விடுப்பில் வந்தார். ரயிலடி கொள்ளாத கூட்டம். தங்கை வீட்டில் தெருவே கூடியிருந்தது. கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு வயிறு எரிந்தது.

சலூன்காரர் போரின் காரணத்தை விளக்கிக்கொண்டிருந்தார். "ஒரு இளவரசரைச் சுட்டுட்டாங்க. அவருக்காக ஒரு ராஜா, அந்த ராஜாவை எதிர்த்து இன்னொரு ராஜா. ஒப்பந்தம் போட்டிருந்த பாவத்துக்கு நாம."

"இளவரசர் ஒரு சாக்குங்க," என்றார் கொத்தனார், மூச்சு வாங்கியபடி. "அவன் கப்பலைப் பாத்து இவனும், இவன் பீரங்கியைப் பாத்து அவனும் ரொம்ப நாளாப் புழுங்கிட்டுத்தான் இருந்தாங்க. பொறாமை புடிச்சவனுக்குக் காரணமா கிடைக்காது?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்வாசல் படியில் இரண்டு சகலைகளும் பேசுவது காதில் விழுந்தது.

"உங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு, சகலை."

"கண்ணு தெரியாதவனைப் பாத்தா?"

"நீங்க திரும்பிப் போக வேண்டாமே. என்கூடப் பறக்கக் கத்துக்கிட்டவன் ஒருத்தனும் இப்ப இல்ல. விமானம்னா வெறும் மரமும் துணியும்தான். மேல தீப்பிடிச்சா எங்க இறங்கறது? இதை உங்க கொழுந்தியா கிட்டச் சொல்லிடாதீங்க."

தன் புருஷனைக் கண்டு பொறாமைப்படவும் ஒருவர் இருக்கிறார் என்று அக்காவுக்கு முதலில் இனித்தது. அடுத்த நிமிஷமே, மேலே தீப்பிடித்தால் என்ற பேச்சு உறைத்து, தட்டை அப்படியே வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொன்னதையும் மீறித் தங்கையைத் தனியே அழைத்தாள்.

"அவரை அனுப்பாதே. டாக்டரைப் பாரு, எதையாவது சொல்லி நிறுத்து. அவருக்குப் பயமா இருக்குடி."

தங்கை அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "பயமா? அவருக்கா? அவர் படம் பேப்பர்ல வந்ததுலேருந்து உன் மூஞ்சி சரியில்லக்கா. உன் புருஷன் மாதிரி இவரும் மூலைல முடங்கணும், அதானே உனக்கு?"

அக்காவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நேற்றுவரை அப்படித்தானே நினைத்திருந்தாள்!

அவர் போனார். மழைக்காலம் வருமுன் விமானம் எரிந்து விழுந்தது. இந்த முறையும் பத்திரிகையில் படம் வந்தது, இன்னும் பெரிதாக.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை அக்காவிடமே வந்து சேர்ந்தாள். ஒரு காலை, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு வெடித்தாள்.

"உன்னைப் பாத்தா எரியுதுக்கா. உன் புருஷன் இருமறது கூட எனக்கு எரியுது. நீ அன்னைக்கு என் காலைப் புடிச்சாவது அவரை நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"திட்டு," என்றாள் அக்கா. "நல்லாத் திட்டு."

உள்ளறையில் கொத்தனார் இருமத் தொடங்கினார். அக்கா வெந்நீரோடு எழுந்து போனாள். அவர் முதுகைத் தடவிக்கொடுப்பது தங்கையின் கண்ணில் படாதபடி, கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.