கயிற்றுக்காரர் சந்தில் பூட்ஸ் கடித்த வருடங்கள்

1952 மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கயிற்றுக்காரர் சந்தில் குடியிருந்த அறுபத்தேழு பேருக்கும் ஒரே சமயத்தில் இடது குதிகாலில் பூட்ஸ் கடித்தது. அவர்களில் அறுபத்துமூன்று பேர் ஆயுளில் பூட்ஸ் போட்டதே கிடையாது. கடித்ததோடு நிற்காமல் எல்லோருடைய பாதங்களும் தாமாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டன. மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்த சிலுவையம்மாள், சந்து முனைக் குழாயடியைத் தாண்டியதும் வாத்து மாதிரி நடந்தாள். சந்தேகப்பட்டுத் திரும்பிப் போய்க் குழாயடிக்கு வெளியே நின்று பார்த்தாள். கால் நேராக இருந்தது. உள்ளே வந்தாள், மறுபடியும் வாத்து. நாலு தடவை போய் வந்து சரிபார்த்துவிட்டு, இனி இப்படித்தான் போலிருக்கிறது என்று வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

காரணம் ஒன்பதாம் நம்பர் வீட்டில் இருந்தது. அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஜஹாங்கீரும் அவர் மனைவி அஜீசாவும் குடியிருந்தார்கள். அவர்களுடைய நாலு மாதப் பெண் குழந்தை மலிகா, உள்ளங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்படி பிறந்தவள். முதல் மூன்று மாதம் திருவொற்றியூரில் தாய்வீட்டில் வைத்து, வாரம் ஒரு மாவுக்கட்டாகப் போட்டுக் கால்களை நிமிர்த்தினார்கள். பிறகு ஆஸ்பத்திரியில், ஓர் இரும்புக் கம்பியின் இரு முனையிலும் பொடிப் பொடித் தோல் பூட்ஸ் பொருத்தி மாட்டிவிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் அஜீசா அவளை முதல்முறையாகச் சந்துக்குத் தூக்கிவந்தாள். மூன்று மாதம் பகலும் இரவும், அப்புறம் ஐந்து வயதுவரை தூங்கும்போது மட்டும். அழுகிறாளே என்று கழற்றி வைத்தால் கால் பழையபடி மடங்கிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை குளிப்பாட்டுவதற்காக அஜீசா பூட்ஸைக் கழற்றினாள். சந்து முழுக்க ஒரே குரலில் "அப்பாடா" என்றது. துடைத்துத் திரும்ப மாட்டியபோது அதே சந்து "ஐயோ" என்றது. மூன்றாம் நாள் எல்லோரும் ஒன்பதாம் நம்பர் வாசலில் கூடிவிட்டார்கள். குழந்தையைத் திருவொற்றியூருக்கே அனுப்பிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அஜீசா உள்ளே போய், முந்தின நாள் தாய்வீட்டிலிருந்து வந்த கார்டைக் கொண்டுவந்து காட்டினாள். எங்கள் தெருவில் மூன்று மாதம் ஒருவராலும் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் நீயே வைத்துக்கொள் என்று அதில் எழுதியிருந்தது.

கப்பல் கயிறு முறுக்கும் தவசிமுத்துதான் முதலில் உபயோகமாக ஒன்றைச் சொன்னார். "பாய், எனுக்கு எடது சுண்டு வெரலாண்ட துணி மடிஞ்சிகினு கீறா மாதிரி கீது. கொயந்தைக்கு அங்க இன்னா கீதுன்னு பாரு." கழற்றிப் பார்த்தால் காலுறை சரியாக அந்த இடத்தில் மடிந்து, தோல் சிவந்திருந்தது. இழுத்து நேராக்கி மாட்டியதும் சந்து அடங்கியது. வாய் பேசாத குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல அறுபத்தேழு வாய்கள் இருப்பது அன்றைக்குத்தான் அஜீசாவுக்குப் புரிந்தது. பழைய மல் வேட்டியைக் கிழித்து, தையல் வெளியே இருக்கும்படி காலுறைகள் தைத்தாள். குதிகால் பூட்ஸில் நன்றாகப் படிந்தபின் வாரை இறுக்கினால் கடிக்காது என்பதை, மெதுவாக மாட்டி மாட்டி, வாசலைப் பார்த்து "இப்போ?" என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தாள். ஜஹாங்கீர் கம்பிக்குப் பஞ்சு சுற்றிக் கொடுத்தார். ஒற்றைக் காலை உதைக்க முடியாமல் மலிகா ஆத்திரப்பட்டபோது, அஜீசா கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினாள். குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. சாயங்கால ஜெபத்தில் முழந்தாளிட்டிருந்த பக்கத்து வீட்டு அருள்நாதன் குடும்பம் அன்று பதினோரு தடவை எழுந்து உட்கார்ந்தது.

இப்படி ஒரு மாதிரி பழகிவந்த நேரத்தில் சிலுவையம்மாளின் மகள் ஃப்ளோராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் எண்ணூர்க்காரர்கள், கௌரவம் பார்ப்பவர்கள். சிலுவையம்மாள் அஜீசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அஜீசாவின் பிரசவத்தன்று ஜஹாங்கீர் கப்பலடியில் இருக்க, ஓடிப்போய் ரிக்‌ஷா பிடித்துவந்தவள் சிலுவையம்மாள்தான்.

"ஒரே ஒரு வாரம் அவுத்து வைய்யி கண்ணு. பொண்ணு வூட்டுக்காரங்க அத்தினி பேரும் வாத்தாட்டம் நட்ந்தா, சம்பந்தி இன்னா நெனிப்பான்?"

அஜீசா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கழற்றினாள்.

கல்யாணம் பிரமாதமாக நடந்தது. எல்லோரும் நேராக நடந்தார்கள். சிலர் ஆடவும் செய்தார்கள். வாரம் முடிந்தது, யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பூட்ஸை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் வந்து, "நாளிக்கி மாட்டிக்கலாமே, புள்ள சிரிச்சிகினு கீது பாரு" என்றார்கள். அஜீசாவுக்கும் அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் குளிப்பாட்ட மடியில் கிடத்தியபோது, மலிகாவின் இடது உள்ளங்கால் திரும்பவும் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அஜீசா தண்ணீர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஆறிப்போனது. அவள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. அவள் கண்ணில் வலிப்பது சந்துக்குத் தெரியும் ஏற்பாடு எதுவும் இல்லை.

டாக்டர் திட்டிவிட்டு ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார். அன்று மத்தியானம் சந்தில் எல்லோருக்கும் தொடைவரை கால் கனத்தது. பத்தடி தூரக் குழாயடிக்குப் போய்வர அரைமணி நேரம் ஆயிற்று. சிலுவையம்மாள் காலை இழுத்து இழுத்து ஒன்பதாம் நம்பருக்கு வந்து, மூச்சு வாங்க, நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"பாவி நானு. எம்பொண்ணு கண்ணாலத்துக்கு உம்பொண்ணு கால மடக்கிட்டேன்."

"கழட்டினது என் கையிதானேக்கா" என்றாள் அஜீசா. இருவரும் கனத்த கால்களை நீட்டிப்போட்டு, குழந்தையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சாயங்காலத்தைக் கழித்தார்கள்.

கட்டுப் பிரித்துக் கம்பி பூட்ஸ் திரும்ப ஏறிய பிறகு சந்தின் குணமே மாறிவிட்டது. மலிகாவைத் தூங்க வைக்கும் வேளையில் குதிகால் கடிக்கவில்லையென்றால் சிலுவையம்மாள் பதறிப்போய் ஓடிவருவாள். "எனுக்கு ஒண்ணுமே வலிக்கலயே, இன்னாத்த மாட்டின?" காலுறை மாற்ற ஐந்து நிமிஷம் தாமதமானாலும் தவசிமுத்து எதிர்வீட்டிலிருந்து இருமுவார். ஒருநாள் ஜஹாங்கீரே மனம் இளகி, ஜுரத்தில் கிடக்கிறாளே என்று கழற்றப் போனபோது ஏழு வீட்டிலிருந்து ஏழு பேர் வந்து கதவில் நின்றார்கள். நாலரை வருஷம் இப்படிப் போயிற்று. குழந்தை வளர வளரப் பூட்ஸ் மாறியது. புதுப் பூட்ஸ் வந்த ஒவ்வொரு தடவையும் சந்து இரண்டு நாள் நொண்டியது.

1956 மார்கழியில் டாக்டர் மலிகாவை வராந்தாவில் ஓடவிட்டுப் பார்த்து, இனி பூட்ஸ் வேண்டாம் என்றார். அவள் வீட்டுக்கு வராமல் குழாயடிக்கும் சந்துக் கோடிக்குமாக இருட்டும்வரை வெறுங்காலோடு ஓடினாள். அன்று சந்தில் ஒருவராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறுபத்தெட்டு வயது தவசிமுத்து, கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று, கூச்சத்தோடு கொஞ்சம் குதித்தார்.

அடுத்த சித்திரையில், புதிதாக வேலை கிடைத்த குமாஸ்தா ஜெயவேல் மனைவியோடு நாலாம் நம்பருக்குக் குடிவர வீடு பார்க்க வந்தார். சிலுவையம்மாள்தான் சுற்றிக் காட்டினாள். சமையலறை, ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியாகச் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மத்தியானம் பன்னண்ர மணிக்கு உள்ளங்கால் சுடும். நம்ம மலிகா இஸ்கூல்லேர்ந்து சோத்துக்கு ஓடியாறா, செருப்பு போட்டுக்க மாட்டேன்றா."

ஜெயவேல் மனைவியைப் பார்த்தார். அவள் சற்று யோசித்துவிட்டு, குழாயில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வருமா, சாயங்காலமும் வருமா என்று கேட்டாள்.