நாற்பத்திரண்டாம் தூண்

துறைமுகத்தைத் தீவின் மேற்குக் கரைக்கு மாற்றியபோது, கஸ்பார் கிழக்குக் கரையிலேயே இருக்கவேண்டிய நாற்பத்திரண்டாம் இரும்புத் தூணாகப் பதிவாகியிருந்தான். கப்பலின் வடத்தை மாட்டிவைக்கும் குட்டைத் தூண்கள் அவை. இருபத்தாறு வருஷமாக அவற்றின் பக்கத்தில் நின்று, கப்பலிலிருந்து வீசும் வடத்தைப் பிடித்து மாட்டுவது அவன் வேலை. கணக்கெடுக்க வந்தவர்கள் மத்தியானம் வந்தார்கள். கஸ்பார் வழக்கம்போல் கடலைப் பார்த்து அசையாமல் நின்றான். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

கிரேன்கள், கிடங்குகள், கேன்டீன், சங்கு எல்லாம் மேற்கே போயின. கிழக்குக் கரையில் கல் பாவி, பெஞ்சு போட்டு, ஐஸ்கிரீம் கடை வைத்து, ஜனங்கள் காற்று வாங்கும் நடைபாதை ஆக்கினார்கள். பழைய தூண்கள் அழகுக்காக அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவு. வர்ணம் பூசுகிறவர் ஒவ்வொன்றுக்கும் உடம்பில் கறுப்பும் தலையில் வெள்ளையும் அடித்துக்கொண்டே வந்தார். கஸ்பாரிடம் வந்ததும் தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். அவனும் தூக்கினான்.

வர்ணம் காய்ந்தபின் கஸ்பார் தூண்களை எண்ணினான். நாற்பத்தொன்று வந்தது. தன்னை விட்டுவிட்டோம் என்று மறுபடி எண்ணினான். நாற்பத்திரண்டு வந்தது. சந்தேகத்துக்கு மூன்றாம் தடவை எண்ணியபோது, தன்னிடம் வந்து சேர்வதற்கு முன்பே நாற்பத்திரண்டு முடிந்துவிட்டது. தலை சுற்றியது. அத்தோடு எண்ணுவதை விட்டுவிட்டான்.

இதெல்லாம் அவனுக்குப் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் தெக்லாதான். அவன் மனைவி தெக்லா துறைமுகக் கேன்டீனில் சமையல். கேன்டீன் போனதால் அவளும் போனாள், அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸும் போயிற்று. நடுவில் இருபத்திரண்டு கிலோமீட்டர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட ராச்சாப்பாட்டைத் தனித்தனியாகச் சாப்பிட்டவர்கள் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவாள். ஆறு மணிக்குக் காவலாளி விசில் ஊதுவார். மனிதர்கள் எல்லோரும் நடைபாதையை விட்டு வெளியேற வேண்டும், தூண்கள் இருக்கலாம். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போவாள். அவள் போனபின் கஸ்பாருக்கு அழுகை வரும். வர்ணம் கெட்டுவிடுமே என்று அடக்கிக்கொள்வான்.

மனு போட்டான். திட்ட அலுவலர் சுகந்தி நேரிலேயே வந்தார். நல்ல மாதிரி. ஃபைலைப் புரட்டும்போதும் குடையை அவன் பக்கம் சாய்த்தே பிடித்திருந்தார்.

“உங்களை மனுஷன்னு திருத்திடலாம் கஸ்பார். ஆனா அப்புறம் ஆறு மணிக்கு நீங்க வெளிய போகணும். மேற்கே போற ஆளுங்க பட்டியல் முடிஞ்சுபோச்சு, அதுல உங்க பேர் இல்ல. மேற்கே குவார்ட்டர்ஸ்ல உங்கள விடமாட்டாங்க. எங்க போவீங்க?”

கஸ்பார் யோசித்தான். மேற்கேயும் போக முடியாது, இங்கேயும் இருக்க முடியாது. தூணாக இருந்தால் இங்கேயாவது இருக்கலாம். தனக்கு என்ன வேண்டும் என்று மனுவில் எழுதினோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. ரொம்ப நன்றி மேடம் என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெக்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

“ஏங்க, நீங்க தூணாவே இருங்க,” என்றாள் அவள். “நான் கப்பலா வாரேன்.”

மேற்குத் துறைமுகத்தில் கப்பல் பதிவு செய்ய ஒன்பது நாள் ஆனது. அவள் நீளத்தை அளந்தார்கள். ஐந்தடி இரண்டங்குலம். தண்ணீரில் எவ்வளவு அமிழும் என்று கேட்டார்கள். கணுக்கால் வரை என்றாள். சரக்கு என்ன என்றதற்கு, சோறும் மீன்குழம்பும் என்று எழுதிக்கொடுத்தாள். மேற்கே எல்லாத் துறைமேடையிலும் கப்பல்கள் நின்றதால், கிழக்கே நாற்பத்திரண்டாம் தூணில் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

புதன்கிழமை புறப்பட்டாள். கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் கூடவே பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, இடது, வலது, மெதுவாக என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாலரை மணிக்கு நடைபாதை ஓரத்தில் இறங்கினார்கள்.

தெக்லா வடத்தை வீசினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கஸ்பார் பிடி தவறவிட்டான். இரண்டாவது வீச்சில் பிடித்துவிட்டான். ஆனால் தூணே தன்மேல் வடத்தை மாட்டிக்கொள்ளலாமா, அதற்கு வேறு ஆள் வேண்டுமா என்று குழப்பமாக இருந்தது. பைலட்டைப் பார்த்தான். பைலட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பார் வடத்தைத் தன் இடுப்பில் மாட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்தான். பைலட் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

ஆறு மணிக்கு விசில் ஊதியது. ஜனங்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள். காவலாளி இவர்களிடம் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தெக்லாவின் அனுமதிச் சீட்டை வாங்கி, இரண்டு பக்கமும் படித்து, திருப்பிக் கொடுத்தார். வடம் கொஞ்சம் தொய்வாகக் கிடக்கிறது, யாரும் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாசல் கதவைப் பூட்டப் போனார்.

தெக்லா சோற்றுத் தூக்கைத் திறந்தாள். முதல் தட்டைப் போட்டு அவனிடம் நீட்டினாள். அப்போது கரைக்குக் கீழே கடல் மட்டம் ஏறத் தொடங்கியது. உட்கார்ந்த வாக்கிலேயே, மடியில் தூக்குடன், தெக்லா பெஞ்சிலிருந்து ஓரடி மேலே போனாள், பிறகு இரண்டடி, நாலடி. கஸ்பார் வடத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டான்.

“இன்னும் குழம்பு ஊத்தவா?” என்று மேலிருந்து கேட்டாள்.

கஸ்பார் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.