ரீத்தாவின் பின்சக்கரம்

இரவு முழுக்கப் பெய்த மழையில் குன்று ஊறிக் கிடந்தது. சிம்பாங் ரெங்கம் ஊரை ஒட்டிய அந்தப் பழைய தோட்டத்தில் மேல்பாதி ரப்பர், கீழ்ப்பாதி செம்பனை. ரப்பர் மரங்களின் வேர்கள் மண்ணுக்கு மேலே புடைத்து ஈரத்தில் மினுமினுத்தன. அந்த வேர்களின் மேல்தான் இன்று பந்தய சைக்கிள்கள் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும்.

அடிவாரத்துக் கூடாரத்தில் ரேமண்ட், ஷைமாவின் சைக்கிளைத் தாங்கியில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து பாகாட் ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் குழுவைக் கூட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றுபவர். ஷைமாவையும் சேர்த்துக் குழுவில் எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே சக்கரம். முன்னாலும் இருபத்தொன்பது அங்குலம், பின்னாலும் இருபத்தொன்பது அங்குலம்.

"பெரிய சக்கரம் பள்ளத்தை முழுங்கிட்டுப் போயிடும் லா. பிரேக்கும் நல்லா நிக்குது. நீ ஒண்ணும் யோசிக்காத," என்றார்.

"சரிண்ணே," என்றாள் ஷைமா.

அவள் யோசித்துக்கொண்டிருந்ததெல்லாம் கெலோங்சோரைப் பற்றித்தான். சறுக்குமரம் என்று அர்த்தம் வரும் அந்த மலாய்ப் பெயரைப் பையன்கள் வைத்திருந்தார்கள். பந்தயப் பாதையின் கடைசியில், செம்பனைக்குள் நுழைவதற்கு முன்னால், சுவர் மாதிரி நிற்கும் செம்மண் இறக்கம். இரண்டு மாதத்துக்கு முன் பயிற்சியின்போது அங்கேதான் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. நேற்றுப் பயிற்சியில் எல்லாரும் அதில் இறங்க, அவள் மட்டும் பக்கத்தில் சுற்றிவரும் தடத்தில் வந்தாள். இன்று அந்தத் தடத்தை நாடா கட்டி மூடிவிட்டார்கள்.

அத்தா வேறு வந்திருந்தார். ருக்னுதீன் தம் சாப்பாட்டுக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மகள் பந்தயம் ஓட்டுவதைப் பார்க்க வருவது இதுதான் முதல் தடவை. காரைவிட்டு இறங்கும்போது சொன்னார். "ஜெயிக்கணும்னு இல்லம்மா. விழாம வந்தா போதும். இன்னொரு தடவை விழுந்துட்டா இதோட சரி. அப்புறம் இந்தப் பேச்சே வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அன்றைய முகத்தோடு சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டாள். கொடுத்த வாக்கை மாற்றுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

ஆனால் ஏன் விழுந்தாள் என்பது அத்தாவுக்குத் தெரியாது, ரேமண்டுக்கும் தெரியாது. "பிரேக்கை வேகமா அமுக்கிட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அது பொய். தொழுது முடித்துக் கையேந்தும்போதெல்லாம் அந்தப் பொய் உறுத்தியது.

"என்னடி இது, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

ரீத்தா அக்கா. குளுவாங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள், அதனால் சாதாரணமாகப் பேசினாலே பின் சீட்டு வரைக்கும் கேட்கும். கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும். போட்டியில் ஷைமாவின் பிரிவுதான். எதிராளி என்றே சொல்ல வேண்டும். தலைக்கவசத்தைக் கூடை மாதிரி கையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லையா? நேத்து கெலோங்சோர்ல நீ சுத்திப் போனதைப் பாத்தேன்."

ஷைமா காலணியின் வாரை இறுக்கக் குனிந்தாள். ரீத்தாவின் பார்வை அவள் சட்டையின் பின்பக்கத்தில் விழுந்தது, அங்கேயே நின்றது.

குழுச் சட்டை இடுப்போடு முடிந்துவிடும். ஷைமா அப்படிப் போட மாட்டாள் என்று தெரிந்து அவள் உம்மா ஜொஹரா, தங்காக் துணிக்கடையில் அதே நீல நிறத்தில் துணி தேடி வாங்கிவந்து, கீழே ஒரு சாண் அகலத்துக்குச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருந்தார். அந்தத் துண்டின் நடுவில் இப்போது ஒரு கிழிசல். கோணல்மாணலாக யாரோ தைத்திருந்தார்கள். தையலைச் சுற்றி, துவைத்தும் போகாத கறுப்புக் கட்டங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

ரீத்தா அந்தக் கறையைப் பார்த்தாள். தாங்கியில் தொங்கிய டயரின் கட்டங்களைப் பார்த்தாள். பிறகு ஷைமாவின் கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால், தன் வேன் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"டயர்தானே பிடிச்சு இழுத்துச்சு?" வேன்காரக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை, அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

ஷைமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமாக்கா. நான் குட்டை. செங்குத்தா இறங்கும்போது பின்னால தள்ளி உட்காரணும்ல? பெரிய டயர் அங்கயே நிக்குது. சட்டையை உள்ள இழுத்துடுச்சு."

"சொருகிக்க வேண்டியதுதானே?"

"சொருகினேன்க்கா. நாலு தடவை குனிஞ்சா வெளிய வந்துடுது. வெட்டிட மனசில்லை. எனக்கும் அது வேணும். உம்மாகிட்ட சொன்னா, நான் தச்ச துணியாலதான் புள்ள கை ஒடஞ்சுதுன்னு சோறு இறங்காது அவங்களுக்கு. ரேமண்ட் அண்ணன்கிட்ட எப்படிக்கா இதைப் போய்ச் சொல்றது?"

துணி ஆலையில் நாள் முழுக்க மற்றவர்கள் தையலில் குறை பிடிப்பதுதான் ஷைமாவின் வேலை. தன் சட்டையை மட்டும் யாரும் பார்க்காதபோது அவசரமாகத் தைத்து மறைத்திருந்தாள்.

ரீத்தா சிரிக்கவில்லை. "கோயிலுக்கு முக்காடு போடாம போனா எங்க அம்மா வாசல்லயே நிறுத்திடுவாங்க. எனக்குப் புரியாதா?" என்றாள். அதற்கு மேல் அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நேராக வேனின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு சக்கரம் இருந்தது. பல்சக்கரம், பிரேக் தட்டு எல்லாம் மாட்டித் தயாராக வைத்த பின்சக்கரம். முன்னதைவிடச் சின்னது, இருபத்தேழரை. முன்னால் பெரிது, பின்னால் சிறிது என்று கலந்து ஓட்டுகிறவள் ரீத்தா.

"இது என் மாத்துச் சக்கரம். உன் வண்டியிலயும் பொருந்தும். ரெண்டு விரல் எடம் கூடக் கெடைக்கும் உனக்கு."

"உங்களுக்கு பஞ்சர் ஆனா?"

"நடந்து வருவேன். கொழுப்பு குறையும்."

தூரத்தில் ஒலிபெருக்கி, பெண்கள் தயாராகும்படி மலாயில் கரகரத்தது. "வனிதா! செடியா!" பெண்களை மேலே ஏற்றிப்போகும் லாரி இயந்திரத்தை முடுக்கியது.

சின்னச் சக்கரத்தைக் கண்டதும் ரேமண்டின் முகம் மாறிவிட்டது. "அலமாக்! இப்பவா? வெளையாடுறீங்களா ரெண்டு பேரும்? பின்னால சின்னது போட்டா வண்டி தாழ்ந்துடும். பெடலும் தாழ்ந்துடும். மேல வேரெல்லாம் நனைஞ்சு கெடக்கு. பெடல் ஒரு வேர்ல இடிச்சா ஆளைத் தூக்கி வீசிடும், தெரியுமா? ரேஸ் அன்னைக்கு ஒரு போல்ட்டைக் கூட மாத்தக் கூடாது!"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் ஷைமாவை உலுக்கியது. பெரிய சக்கரத்தோடு போனால் கெலோங்சோரில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சின்னச் சக்கரத்தோடு போனால் வேர்களில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டில் எதில் விழுந்தாலும் இன்றோடு முடிந்தது.

"என்னம்மா காரணம்? சொல்லு. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

ஷைமா வாயைத் திறந்தாள்.

ரீத்தா குறுக்கே வந்தாள். "ரேமண்ட், ஒரு புள்ள வேணும்னு கேக்குது. காரணம் சொன்னாத்தான் மாட்டுவீங்களோ?"

"நான் அப்படிச் சொல்லல லா..."

"சின்னதையே போடுங்கண்ணே," என்றாள் ஷைமா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் யோசிச்சுத்தான் கேக்குறேன்."

ரேமண்ட் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெரிய சக்கரத்தைக் கழற்றினார். சின்னதை மாட்டி, பிரேக் உரசாமல் சரிசெய்தார். அதோடு நிற்காமல், சட்டத்தின் நடுவில் இருந்த ஒரு சின்ன உலோகத் துண்டைக் கழற்றித் திருப்பிப் போட்டு முடுக்கினார். "இதைத் திருப்பினா வண்டி கொஞ்சம் தூக்கும். தாழ்ந்ததுல பாதியாச்சும் திரும்பக் கெடைக்கும். மிச்சத்துக்கு நீதான் பாத்துக்கணும்." முகத்தில் கடுகடுப்பு போகவில்லை. கை மட்டும், குழந்தைக்குச் செருப்பு மாட்டுவது போல, பொறுமையாக வேலை செய்தது.

லாரி கிளம்பியது. அத்தா முடிவுக்கோட்டின் பக்கத்தில், சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

மேலே போனதும் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். ரீத்தா அவளுக்கு முன்னால். கிளம்புவதற்கு முன் சுரூபத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு, "கீழ பாப்போம்டி," என்று மரங்களுக்குள் மறைந்தாள். மறைந்த பிறகும் அவள் சங்கிலியின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"ஷைமா பிந்தி ருக்னுதீன்!"

சட்டையைச் சொருகிக்கொண்டு, பிஸ்மில்லாஹ் என்று சொல்லிப் பெடலை அழுத்தினாள்.

தொடக்கத்துச் சமதளத்தில் வண்டி புதிதாக இருந்தது. பின்பக்கம் எங்கோ கீழே உட்கார்ந்திருந்தது. வளைவில் சொன்னவுடன் திரும்பியது. ஆனால் நேர்ப்பாதையில் பழைய ஓட்டம் இல்லை, மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மிதித்தாள். வேர்கள் ஆரம்பித்தது தெரிந்தும், பழக்கத்தில் இன்னொரு மிதி மிதித்துவிட்டாள்.

டக்!

வலது பெடல் வேரில் இடித்தது. வண்டி பக்கவாட்டில் துள்ளியது. பாதம் பெடலைவிட்டுக் கழன்று காற்றில் தொங்கியது. ஒரு மரம் நேராக முகத்தைப் பார்த்து வந்தது. எப்படித் திருப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. தோள் மரப்பட்டையில் உரச, தாண்டிவிட்டாள். முன்னால் இன்னும் வேர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ரேமண்ட் அண்ணன் சொன்னது சரி. ஏன் கேட்கவில்லை? ஏன் பிடிவாதம் பிடித்தேன்?

"சமமா வை! பெடலைச் சமமா வை!"

நாடாவுக்கு அந்தப் பக்கம், முழங்கால்வரை சேறோடு, ரேமண்ட் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் சைக்கிளோடு வந்து நிற்கும் நேரத்தில் கூடாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வழுக்கும் மேட்டில் ஏறி, மோசமான வேர் எங்கே இருக்கிறதோ அங்கே வந்து நின்றிருந்தார். "மிதிக்காத! அப்படியே விடு! உருளட்டும்! இன்னும் ஒண்ணு... ஆங், இப்ப மிதி!"

அவள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போனாள். குரல் நின்ற இடத்தில் வேர்களும் முடிந்தன.

பிறகு கெலோங்சோர்.

விளிம்பில் பாதையே இல்லாதது போல் இருந்தது. வெறும் வானமும், கீழே செம்பனையின் தலைகளும். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டி உள்ளே கவிழ்ந்தது. ஷைமா கையை நீட்டி, உடம்பைப் பின்னால் தள்ளினாள். இன்னும் பின்னால். அன்றைக்கு இங்கேதான், இதே அளவு குனிந்தபோதுதான் யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தது போல் இருந்தது. இடுப்பிலிருந்து துணி உருவிக்கொண்டு வெளியே வந்து படபடப்பது காதில் விழுந்தது. ரெண்டு விரல். ரெண்டு விரல் போதுமா? முதுகு முழுக்க அந்த இழுப்புக்காகக் காத்திருந்தது.

டயர் துணியைத் தொட்டது.

தொட்டது, தட்டிவிட்டது, விட்டுவிட்டது. அவ்வளவுதான்.

செம்மண் சமமாகி, செம்பனை நிழல் தலைக்கு மேலே வந்ததும் பிரேக்கிலிருந்து விரலைத் தளர்த்தினாள். யா அல்லாஹ் என்று சத்தமாகவே சொன்னாள். இறைவன் உதவி வானத்தைப் பிளந்துகொண்டு வர வேண்டியதில்லை. அன்று அது ஒரு பழைய வேனின் பின்கதவு வழியாகவும், சேற்றில் நின்ற ஒரு மனிதரின் தொண்டை வழியாகவும் வந்தது.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் அத்தா ஓடி வந்தார். மகளின் கையை, காலை, முகத்தைப் பார்த்தார். "விழலையே?"

"விழலத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்." மகளின் முதுகைத் தடவியவர், கை சட்டையின் ஓரத்தில் பட்டதும் நிறுத்தினார். "இதென்னம்மா கறுப்பா? கிழிஞ்சு வேற இருக்கு."

பந்தயம் முடிந்துவிட்டது. இனி மறைப்பதற்கு அவளிடம் காரணமும் இல்லை, தெம்பும் இல்லை. சைக்கிளைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டயர் இழுத்தது, பொய் சொன்னது, உம்மாவை நினைத்துப் பயந்தது, ரீத்தா அக்கா சக்கரம் கொடுத்தது. சொல்லிவிட்டு அத்தாவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் டயரைப் பார்த்தாள்.

ருக்னுதீன் குனிந்து அந்தக் கோணல் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "உங்க உம்மா இன்னும் ஒரு சாண் சேத்துத் தைக்கத்தான் நெனச்சா. நல்லவேளை, துணி பத்தல," என்றார்.

ஷைமா நிமிர்ந்தாள். சிரிப்பை அடக்கியதில் அத்தாவின் மீசை துடித்தது.

"உம்மாகிட்ட நானே சொல்லணும்த்தா."

"நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன். அவ ஓரத்துக்கு ரப்பர் நாடா வச்சுத் தச்சுடுவா, பாரு. எந்தப் புள்ள சக்கரம் கொடுத்துச்சு?"

ஷைமா கைகாட்டினாள். இரண்டாவதாக வந்திருந்த ரீத்தா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தலைக்கவசத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ருக்னுதீன் பையைத் திறந்து, தமக்கென்று கட்டிவந்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் நடந்தார்.

"அங்கிள், கோழி இருக்கா உள்ள?" என்று ரீத்தாவின் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"பெரிய துண்டும்மா," என்றார் அவர். நின்றபடியே இரண்டு கையாலும் நீட்டினார்.