வெட்டியெடுத்த தொடர்கதை

வெள்ளிக்கிழமை வந்தால் சிவசுப்பிரமணியத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம். சந்தா கட்டிய வாரப் பத்திரிகையை யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்கி, உடுப்பிட்டிக்குப் பஸ் ஏறிவிடுவார். வீட்டுக்கு வந்தால் அட்டையிலிருந்து கடைசிப் பக்கத்துத் தைல விளம்பரம்வரை ஓர் எழுத்து விடமாட்டார். யாரும் நுனி மடிக்கக்கூடாது, எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது. ஐயர்கூடப் பஞ்சாங்கத்தை அத்தனை பக்குவமாக வைத்திருக்கமாட்டார்.

அவர் மனைவி பராசக்திக்கோ அதில் தொடர்கதை ஒன்றுதான் வேண்டும். மிச்சமெல்லாம் சக்கை. அவர் படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களை பிளேட்டால் ஒட்ட அறுத்தெடுத்துச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் சாக்கூசியால் தைத்துப் புத்தகமாக்குவாள். ஊரில் பாதிப் பெண்கள் செய்கிற வேலைதான்.

"புத்தகத்தை மூளியாக்கிப் போட்டீர். உமக்குக் கை கூசேல்லையோ?"

"உங்கடை விளம்பரத்திலை நான் கை வைக்கேல்லைத்தானே. வைச்சுப் பூசை செய்யுங்கோ."

பதினெட்டு வருசமாக இதே சண்டை. பிள்ளை இல்லாத வீட்டில் இதுவும் இல்லாவிட்டால் பிறகென்ன கலகலப்பு!

எண்பத்தேழாம் ஆண்டு வைகாசிக் கடைசியில் ஒரு காலை இலங்கை ஆமி ஊருக்குள் வந்தது. ஆறுபேர் கதவை உதைத்துத் திறந்தார்கள். சிவசுப்பிரமணியத்தைத் தலைமயிரில் பிடித்து இழுத்துவந்து முற்றத்தில் முழங்காலில் விட்டார்கள். போன மாதம் முடிந்த தொடர்கதை வந்த பத்திரிகைகள் அலுமாரியில் அடுக்கியிருந்தன. எல்லாம் வெளியே வந்து விழுந்தன. அந்த ஆறுபேருக்கும் அதிகாரியான பெரியவன் ஒன்றைப் புரட்டினான். நடுவில் நாலு தாள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் அதே வெட்டு.

"என்ன வெட்டினது? மேப்பா? புலிக்குக் குடுக்கவா?" தமிழ் தெரிந்த ஆமிக்காரன் கேட்டான்.

"தொடர்கதை, சேர்."

துவக்குப் பிடி அவர் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் மணலில் கிடந்தன. பராசக்தி குறுக்கே வந்து விழுந்தாள்.

"ஐயோ, கதைதான் சேர்! நாலு வீடு தள்ளித் தங்கமுத்து வீட்டிலை கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்!"

தங்கமுத்துவுக்கு வாரம் வாரம் காத்திருக்கப் பொறுமையில்லை. கதை முடிந்தபிறகு மொத்தமாக வாங்கி ஒரே மூச்சில் படிப்பவள். பெரியவன் பத்து நிமிசம் கொடுத்தான். பராசக்தி ஓடினாள்.

ஒழுங்கைப் பாதையில் இளையதம்பி வாத்தியார் நெஞ்சில் வெடிபட்டு வேலியோரம் செத்துக் கிடந்தார். கும்பிடக்கூட நிற்காமல் கடந்தாள். தங்கமுத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்கு ஓடியிருந்தாள். பராசக்தி முற்றத்தில் கிடந்த உலக்கையால் யன்னலை உடைத்து ஏறினாள். கண்ணாடி கையைக் கிழித்தது. தலையணைக்கடியில் தைத்த கட்டு இருந்தது. இரத்தம் ஒழுக ஒழுக, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

பெரியவன் பக்க எண்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தான். எல்லாம் சரி. ஓர் ஆமிக்காரன் கதைப் படத்தைப் பார்த்துச் சிரித்தான். பராசக்திக்கு உயிர் வந்தது.

"ஆர் வெட்டினது?"

"நான்தான்!" என்றாள் பராசக்தி. பெருமையாகவே சொன்னாள்.

தமிழ் தெரிந்தவனின் முகம் மாறியது. "தான்தான் வெட்டினதெண்டு அவர் சொன்னாரே."

அவள் போயிருந்த நேரத்தில், வெட்டின ஆளை முகாமுக்குக் கொண்டுபோவோம் என்று அவர்கள் வெருட்டியிருந்தார்கள். மனைவியைக் கொண்டுபோய்விடுவார்களே என்ற பயத்தில் மனிதர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். இவளுக்கு அது எப்படித் தெரியும்?

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றால், பக்கங்கள் பொருந்தினாலும் கதை என்பது வேறெதையோ மறைக்கச் சொன்ன பொய்தான் என்று பெரியவன் முடிவுகட்டினான்.

"அவ பயத்திலை உளறுறா," என்றார் சிவசுப்பிரமணியம், இரத்தத்தைத் துப்பிக்கொண்டு. "வெட்டினது நான்தான்."

பராசக்தி பாய்ந்தாள். ஒருவன் அவளை வயிற்றில் உதைத்துக் கிணற்றுக்கட்டோடு தள்ளினான். பெரியவன் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து, முழங்காலில் நின்றவரின் பிடரியில் வைத்துச் சுட்டான். கட்டுக் கட்டாகக் கிடந்த பத்திரிகைகளின்மேல் அவர் முகம்குப்புற விழுந்தார்.

அவர்கள் அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள். பராசக்தி வாசல் படலைவரை தவழ்ந்து போனாள்.

"நான்தான் வெட்டினனான்!" என்று ஒழுங்கை அதிரக் கத்தினாள். "அந்த மனுசனுக்கு ஒரு கடுதாசி நேரா வெட்டத் தெரியாதடா!"

மற்ற ஆமிக்காரர்களுக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. விளங்கியவன் திரும்பிப் பார்க்கவில்லை.