கழுவும் முன் எடை

நிக்கல் நுரை என்பது சோப்பு நுரை இல்லை. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை உலோகத்தில் செய்தால் எப்படியிருக்கும், அதுதான். அதைக் கட்டைவிரல் நக அளவுக்கு வெட்டி, அமிலத்தில் கழுவி, எடை போட்டு, உப்புக் கரைசலோடு ஸ்டீல் குடுவையில் மூடி அடுப்பில் வைப்பேன். மறுநாள் திறந்தால் மேலே கருப்பாக ஆக்சைடு படிந்திருக்கும். மறுபடி எடை. கூடியிருப்பதுதான் ஆக்சைடு. அது கிராமுக்கு எவ்வளவு மின்சாரம் பிடித்துவைக்கிறது என்று சொல்வதுதான் என் ஆராய்ச்சி.

“இது பேட்டரியாம்மா?” என்று அப்பா ஒருமுறை கேட்டார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

“பேட்டரி இல்லப்பா, சூப்பர் கெப்பாசிட்டர். சட்டுனு ஏறும், சட்டுனு இறங்கும்.”

“உங்க சித்தப்பா கோபம் மாதிரி.”

எனக்கு முன்னால் அதே மேசையில் வேலை செய்த சீனியர் அக்காவுக்குக் கிராமுக்கு ஆயிரத்து அறுநூறு என்று வந்தது. கட்டுரை வெளியாகி, அவள் வெளிநாட்டு வேலைக்குப் போனாள். புரொபசருக்குப் பதவி உயர்வு. அதே எண்ணை நான் மறுபடி எடுத்துக் காட்டினால் எனக்குப் பட்டம். எனக்கு வந்தது முந்நூற்றிருபது. நான்கு வருடமும் முந்நூற்றிருபது. உப்பை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், அடுப்பையே மாற்றினேன். எண் அசையவில்லை.

“அவளுக்குக் கைப்பக்குவம் இருந்துச்சு” என்பார் புரொபசர், ஏதோ நான் சமையலறையில் நிற்பது மாதிரி.

என் பிஎச்.டி. பதிவு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது லேபுக்கு வெள்ளையடித்தார்கள். பீரோவை நகர்த்தினால் பின்னால் அக்காவின் நோட்டு கிடந்தது. முதல் பக்கத்திலேயே இருந்தது: வெட்டு, எடை, கழுவு.

கழுவு கடைசியில்; அவள் கட்டுரையிலோ கழுவிய பிறகுதான் எடை. அமிலத்தில் நுரையே கொஞ்சம் கரைந்துபோகும். கழுவும் முன்னும் பின்னும் நான் எடை போட்டுப் பார்த்தேன், இரண்டு புள்ளி நான்கு மில்லிகிராம் போனது. அதன் மேல் மூன்று மில்லிகிராம் ஆக்சைடு படிந்தாலும் தராசு பூஜ்யம் புள்ளி ஆறு கூடியதாகத்தான் சொல்லும். மூன்றால் வகுக்க வேண்டியதை அவள் அந்தப் புள்ளி ஆறால் வகுத்திருக்கிறாள். ஐந்து மடங்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். இதை மறைக்கச் சோறே தேவைப்படவில்லை. தராசு முன்னால் உட்கார்ந்து அழுதேன். துக்கம் இல்லை, ஆத்திரம்.

அக்காவுக்கு போன் செய்தேன்.

“அக்கா, நீங்க கழுவறதுக்கு முன்னாடியா எடை போட்டீங்க?”

“ஆமாடி. இங்க வந்த ரெண்டாவது மாசமே தெரிஞ்சுடுச்சு.”

“நான் அப்பதானே சேந்தேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“யாரும் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

ஆறு முறை அவளிடம் சந்தேகம் கேட்டிருக்கிறேன். சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று. எடை பற்றிக் கேட்கவில்லை. உண்மைதான்.

புரொபசர் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

“அந்த பேப்பர்லதான் எனக்கு புரமோஷன். இப்ப தப்புன்னு எழுதச் சொல்றியா?”

“என் முந்நூத்தி இருபது சரியான நம்பர்தானே சார்?”

“சரியான நம்பருக்கு எவன் டிகிரி குடுக்கறான்? அவ செஞ்ச வரிசையிலயே செய். எழுதும்போது, கழுவி எடை போட்டோம்னு பழைய வாக்கியத்தையே போட்டுடு. அப்பதான் நான் கையெழுத்துப் போடுவேன்.”

நோட்டை அவர் மேசையில் வீசிவிட்டு வெளியே வந்திருக்கலாம். முப்பத்திரண்டு வயது, கையில் வேறு வேலை இல்லை, அப்பா டிப்போ நண்பர்களிடம் இப்போதே என்னை டாக்டர் ஆக்கிவிட்டார். கோழை என்று நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

வெட்டினேன். எடை போட்டேன். கழுவினேன். ஆயிரத்து ஐந்நூற்றெண்பது வந்தது.

“பாத்தியா, கைப்பக்குவம் வந்துடுச்சு” என்றார் புரொபசர். கிண்டல் இல்லை, மனதார மகிழ்ந்தார்.

பட்டம் வந்தது. கட்டுரையும் வந்தது, என் பெயர் முதலில். சட்டகம் போட்ட சான்றிதழை அப்பா தினமும் துடைக்கிறார்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் யாரோ ஒரு மாணவியிடமிருந்து மெயில். நான் போகாத ஊர், கேள்விப்படாத கல்லூரி. ‘மேடம், ஒன்றரை வருடமாக உங்கள் முறைப்படியே செய்கிறேன். முந்நூற்றிருபதைத் தாண்டவில்லை. என் கை சரியில்லை என்கிறார் என் கைடு. ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் கழுவிய பிறகுதானே எடை போட்டீர்கள்?’

யாரும் கேட்கவில்லை என்றாள் அக்கா. இந்தப் பெண் கேட்டுவிட்டாள். ஒன்பது நாள் ஆகிறது, நான் இன்னும் பதில் எழுதவில்லை.