மறுநாள் கேட்கும் மில்

வில்லியனூருக்கு மேற்கே தனிஸ்லாஸ் நடத்திய ரைஸ் மில்லில் 1972 மே மாதத்துக்குப் பிறகு எந்தச் சத்தமும் அன்றைக்கு அன்றே கேட்டதில்லை, மறுநாள்தான் கேட்டது. விற்பனை வரிக் கணக்கை அவர் தாமதமாகக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று இது ஆரம்பித்தது. கணக்கென்னவோ முன்பே தயார். ஆனால் பத்திரமோ பரீட்சைச் சீட்டோ, முக்கியமான காகிதம் எதுவானாலும் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறும் அன்று வீட்டு மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு, கொடி இறங்கும்வரை தொடாமல் இருப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். கெடு நடுவில் வந்து போய்விட்டது. அபராத நோட்டீஸ் வந்தது. முழுசாகக் கட்டுவதென்றால் மோட்டாரை விற்க வேண்டும். மோட்டார் போனால் மில் ஏது? பாவம், மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று.

சத்தத்துக்கு ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. நெல் கொண்டுவந்தவர்கள் கையால் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில், பூட்டிய மில்லுக்குள் சனிக்கிழமை நெல் கடகடவென்று அரைபட்டது. பங்குச் சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கினார், அதில் யாருக்கும் வருத்தமில்லை. தவிட்டுக்குச் சண்டை போட்டவர்கள் தங்கள் வாயை மறுநாள் தாங்களே கேட்டு வெட்கப்பட்டதில் சண்டை குறைந்தது. தனிஸ்லாஸ் கஞ்சிக்குக் கூப்பிடுவது மில்லை ஒட்டிய தங்கள் வீட்டிலிருந்த மனைவி மதலேனாளுக்கு மறுநாள்தான் கேட்கும். தினமும் அதே நேரம் என்பதால், நேற்றைய கூப்பாட்டுக்கு அவள் இன்றைய கஞ்சியைக் கொண்டுபோனாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி உலகநாதனுக்கு இதெல்லாம் தெரியாது. மில்லுக்குள் நின்று, கேட்காத தன் குரலை உயர்த்தி உயர்த்திக் கத்தினார். தனிஸ்லாஸ் கைகட்டி வாயசைத்தார். வெளியே வந்து இன்னொரு தடவை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்; கோபத்தில் பஸ் ஏறப் போனார். "நாளிக்கி இதே நேரத்துக்கு வாங்க சார், எல்லாம் கேக்கும்," என்றாள் மதலேனாள்.

என்ன தோன்றியதோ, வந்தார். மூட்டைமேல் உட்கார்ந்தார். முதலில் கேட்டது அவர் குரல்: "திருட்டுப் பயலே, யாரை ஏமாத்தப் பாக்கற?" பிறகு தனிஸ்லாஸ், தாழ்ந்த குரலில்: "ஏமாத்தல சார். மாதா காலடியில வச்சத, கொடி எறங்கறதுக்கு முன்னால எடுக்க மனசு வர்ல. தப்பு என்னுதுதான். மோட்டார் மட்டும் இருந்தா அரைச்சே கட்டிடுவேன் சார்." உலகநாதனுக்குக் காது சிவந்துவிட்டது. அபராதத்தைப் பேருக்கு ஏதோ ஒன்றாகக் குறைத்து, பதில் தாமதமாகக் கிடைத்தது, திருப்தி என்று கோப்பில் எழுதினார். அப்படி ஒரு அதிகாரி வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அபராதம் கட்டிய பிறகும் சத்தம் திருந்தவில்லை. திருந்த வேண்டுமென்று யாரும் கேட்கவும் இல்லை. 1985இல் ஒரு வெள்ளிக்கிழமை, கஞ்சிக்குக் கூப்பிட்ட கையோடு தனிஸ்லாஸ் மோட்டார் பக்கத்திலேயே உயிரை விட்டார். மறுநாள் அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது, பூட்டிய மில்லிலிருந்து அவர் குரல் வந்தது. "மதலேனா, கஞ்சி எடுத்தா, பசிக்குது!" வந்தவர்கள் ஓவென்று அழுதார்கள். மதலேனாள் எழுந்து கஞ்சியை ஊற்றி, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, மில்லைத் திறந்து உள்ளே போய், "தோ வந்துட்டன்யா," என்றாள். அது ஞாயிற்றுக்கிழமை கேட்டது.