அந்தரத்தில் நின்ற ஆரம்பப் பள்ளி

ஆரம்பப் பள்ளிக்கூடம் பூமிக்குள் இறங்கத் தொடங்கிய வருஷத்தில் சிமெண்டு விலையும் ஏறியிருந்தது. அதனால் எதைப் பற்றி முதலில் புலம்புவது என்று தெருவில் கொஞ்ச நாள் குழப்பம் இருந்தது. முதலில் வாசல்படி காணாமல் போனது. பிறகு ஜன்னலின் அடிக்கட்டை தரையைத் தொட்டது. ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளுக்கு, போகிற வருகிறவர்களின் முகத்துக்குப் பதில் செருப்பு தெரிந்தது. பிள்ளைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பைப் பார்த்தே அது யார் வீட்டு அப்பா, இன்றைக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் வகுப்புக்குள் இறங்கி, யாரையும் கேட்காமல் கடைசி பெஞ்சு வரை போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தத் தெரு முழுக்கக் கட்டட வேலைக்காரர்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், பலகை அடிக்கிறவர் என்று வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். ஆகவே கட்டடம் இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி குமிழி ஓடும் ரசமட்டத்தை வைத்துச் சமம் பார்த்தார். சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அஸ்திவாரம் போச்சு என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு விடுமுறை நாளில் தெருவே கூடி, சுற்றிலும் பள்ளம் தோண்டி, அடியில் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டது. கூலியில்லாத வேலை என்பதால் வேலை முடிகிற வரைக்கும் எல்லோரும் பள்ளிக்கூடத்தை வாய் நிறையத் திட்டிக்கொண்டே செய்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், போட்ட கான்கிரீட்டையும் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் இன்னும் ஒரு முழம் இறங்கியிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கம்பி கட்டுகிறவர். அவர் அதிகம் பேசமாட்டார், ஏனென்றால் அவர் சம்மட்டியின் புருஷன். சம்மட்டி என்பது அந்த அம்மாளுக்குத் தெரு வைத்த பெயர். சித்தாள் வேலை. கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது, வாயும் நிற்காது. எதைப் பற்றிக் கேட்டாலும் அவளிடம் ஒரு குறை தயாராக இருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷனைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை "குறட்டை விடமாட்டாரு" என்பதுதான். அதையும் அவர் ஊரில் இல்லாதபோது சொன்னாள்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த முச்சந்தியில்தான் காலையில் கூலிக்கு ஆள் எடுப்பார்கள். ஆள் எடுக்க வண்டி வருகிற வரை பேசுவதற்கு ஏதாவது வேண்டும். கண்ணெதிரே பள்ளிக்கூடம் இருந்தது. டீச்சருங்க வர்றதே லேட்டு, வந்தா போனை நோண்டுறாங்க, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வேன் வெச்சு ஏத்திட்டுப் போற ஸ்கூல்ல புள்ளைங்க எப்படிப் பேசுது தெரியுமா, நம்ம புள்ளைங்க வாயத் தொறந்தா கொட்டாவிதான் வருது. இப்படியே போகும் பேச்சு. பேசியவர்களில் ஒருவரும் பிள்ளையைச் சேர்க்கப் போன நாளுக்குப் பிறகு அந்த வாசலை மிதித்ததில்லை. ஆனால் சொன்னதை எல்லாரும் நம்பிச் சொன்னார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் எடை இருந்தது.

தன் பெண்டாட்டி பேசிய மறுநாளெல்லாம் ஜன்னல் கீழே போகிறது என்பதைக் கம்பி கட்டுகிறவர் கவனித்துவிட்டார். இருந்தும் பல மாதம் வெளியே சொல்லவில்லை. மனுஷன் சாயங்காலம் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? கடைசியில் மேஸ்திரி மறுபடியும் தோண்டலாம் என்று மண்வெட்டியை எடுத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"தோண்டாதீங்கண்ணே. பள்ளிக்கூடம் மண்ணால எறங்கல. நம்ம பேச்சால எறங்குது. அதுலயும் எங்க வீட்டம்மா பேச்சு... கொஞ்சம் கனம்."

"யாரு பேச்சுய்யா கனம்?" என்று பின்னாலிருந்து சம்மட்டியின் குரல் வந்தது. கம்பி கட்டுகிறவர் மேஸ்திரியிடமிருந்து மண்வெட்டியை வாங்கித் தன் முன்னால் ஊன்றிக்கொண்டார்.

அங்கேயே சோதித்துப் பார்த்தார்கள். மேஸ்திரி சுவரில் கரிக்கோடு போட்டார். முதலில் பலகை அடிக்கிறவர் ஒரு குறை சொன்னார். கோடு நகர்ந்த மாதிரியும் இருந்தது, நகராத மாதிரியும் இருந்தது. அடுத்து சம்மட்டி, "கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட வக்கில்ல, இதுல சுவத்துல பூப்படம் வேற!" என்றாள். கோடு மண்ணுக்குள் போய்விட்டது. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். சம்மட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. உள்ளே மூன்றாம் வகுப்பில் அவள் மகள் இருந்தாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், எதைத் திட்டுகிறோம் என்று பார்த்துவிடலாமென்று அவள் வேலையிடத்திலிருந்து வந்தாள். ஜன்னல் தரையோடு தரையாக இருந்ததால் குப்புறப் படுத்துத்தான் பார்க்க முடிந்தது. உள்ளே மூன்றாம் வகுப்பு டீச்சர் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, முந்தின நாள் மழைத் தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். மொள்ளும்போது ஒரு கணக்குக் கேட்பாள், ஊற்றிவிட்டு நிமிரும்போது பிள்ளைகள் விடை சொல்ல வேண்டும். சம்மட்டியின் மகள் எழுந்து நின்று ஒரு பாடத்தை வாசித்தாள். விரலை வைத்து வாசிக்கவில்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தாள். ஒரு இடத்தில் சிரிப்பு வந்து நிறுத்திக்கொண்டாள். எழுத்துக்கு நடுவிலே சிரிக்கிற மாதிரி என்ன இருக்கும் என்று சம்மட்டிக்குப் புரியவில்லை. புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. நல்லது சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அந்த வாரமே பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று செய்தி வந்தது. உள்ளே போய் உட்கார முடியாத பள்ளிக்கூடம் என்று தெரிந்தால் இழுத்து மூடிவிட்டு, பிள்ளைகளைப் பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். அந்தச் சாலையில் லாரிகள் நாய்க்கு நிற்காது, மனிதருக்கும் நிற்காது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிற வீடுகளில் கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஆள் ஏது? பள்ளி மூடினால் மகளை வேலையிடத்துக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று சம்மட்டிக்குத் தெரியும். அங்கே போகிற பிள்ளை முதல் நாள் மணலில் விளையாடும். அடுத்து கரண்டி எடுத்துக் கொடுக்கும். அப்புறம் ஒருநாள், சின்னச் சட்டிதானே, தூக்கட்டும் என்பார்கள். அவள் தலையில் முதல் சட்டி ஏறியதும் அப்படித்தான்.

தெரு கூடி, இனி எல்லோரும் பள்ளிக்கூடத்தைப் புகழ்வது என்று முடிவு செய்தது. சம்மட்டி மட்டும், "எனக்குப் பொய் வராது. வேணும்னா வாய மூடிக்கிறேன்" என்றாள். அது போதும் என்று மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார்.

புகழ்வது இவ்வளவு சுலபம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் முதல் நாளே ஜன்னல் வரை மேலே வந்தது. இரண்டு நாளில் வாசல்படி தெரிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கலவை போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சட்டி கூடக் கலந்து வைப்பார்கள். அதிகாரி வண்டி தெருமுனையில் திரும்பியதும் முச்சந்தியில் அந்தக் கடைசிச் சட்டியைக் கொட்டினார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்களாமே என்றார் ஒருவர். நம்ம கக்கூஸ் அரண்மனை கணக்கா இருக்கு என்றார் இன்னொருவர். வேன் ஸ்கூல்காரனே அவன் புள்ளைய இங்க சேக்கச் சொல்லிக் கெஞ்சுறான் என்றார் பலகை அடிக்கிறவர். இழுத்துப் பிடிக்க எதிரில் ஒரு குறையும் இல்லாததால், பள்ளிக்கூடம் பிள்ளைகளோடும் டீச்சர்களோடும் நிதானமாக எழும்பி, விளக்குக் கம்பத்தின் உயரத்தில் போய் நின்றது. அடியில் ஒட்டியிருந்த கான்கிரீட்டிலிருந்து மண் உதிர்ந்தது. பிள்ளைகள் ஜன்னலில் நின்று கையாட்டினார்கள்.

அதிகாரி இறங்கி அண்ணாந்து பார்த்தார். பருத்த மனிதர். கழுத்து வலித்ததால் சீக்கிரம் குனிந்துகொண்டார். சாரம் கட்டி ஏற்றிவிடுகிறோம் என்றார் மேஸ்திரி. "எனக்கு நாற்காலி மேல ஏறினாலே தலை சுத்தும்ப்பா. டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாக்கறேன். எறங்கலேன்னா, இதுக்குள்ள போக முடியலன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பேன்" என்றார்.

பெரிய டீச்சர் மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள். "சம்மட்டியக் கூப்பிடுங்க! ஓடுங்க, சீக்கிரம்!" இந்தத் தாய் மட்டும் பள்ளிப் பக்கம் வரக்கூடாதென்று பெரிய டீச்சர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தது சம்மட்டியைப் பற்றித்தான்.

கம்பி கட்டுகிறவர் ஓடிப்போய் அவளைக் கையில் ஒட்டிய சிமெண்டோடு கூட்டி வந்தார். வழிவிட்டு நின்ற கூட்டம், திட்டுக்கா, திட்டுக்கா என்றது. அவள் இடுப்பில் கைவைத்து, மேலே பார்த்து, பழைய குறையை எடுத்தாள். "இந்த டீச்சருங்க வர்றதே லேட்டு!"

பள்ளிக்கூடம் இன்னும் ஒரு சாண் மேலே போனது.

அவளுக்கே அதில் நம்பிக்கை போயிருந்தது. வாளியும் கையுமாக நின்ற டீச்சர் கண்ணுக்குள்ளேயே நின்றாள். தாழ்ப்பாளைச் சொல்லிப் பார்த்தாள். அது உண்மைதான், இருந்தாலும் தண்ணீர் மொண்ட கையை நினைத்துக்கொண்டு சொன்னதால் அரைக் குரலில் வந்தது. கட்டடம் லேசாக ஆடிவிட்டு அப்படியே நின்றது. "என்னடி, ஊரையே கிழிக்கிற வாய், இன்னிக்குப் பாத்து மழுங்கிப்போச்சா?" என்றார் மேஸ்திரி. அதிகாரி டம்ளரைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டை உதறிவிட்டு, வண்டியைப் பார்த்து நடந்தார்.

அப்போது மேலே ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா, திட்டும்மா! நீதான் நல்லா திட்டுவியே!"

மகளை அண்ணாந்து பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. அந்த உயரத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது.

"அஞ்சாவதோட முடிஞ்சுபோறதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா? எம்பொண்ணு விரல வெக்காம வாசிக்கிறா. படிச்சுக்கிட்டே சிரிக்கிறா. யாரு கேட்டா உங்கள, இவ்ளோ நல்லா சொல்லிக் குடுங்கன்னு? அஞ்சு முடிஞ்சதும் எங்க அனுப்பறது? லாரிக்கு அடியிலயா? இல்ல என்கூட சட்டி தூக்கவா? பாதியில கைய விடறவங்க எதுக்குடி கையப் புடிச்சீங்க?"

பள்ளிக்கூடம் பாரம் ஏற்றிய லிப்டு போல மெதுவாக இறங்கி, தன் பள்ளத்தில் தானே பொருந்தி, தூசிகூடக் கிளப்பாமல் உட்கார்ந்தது. மேஸ்திரி வாசல்படியில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. அவருடைய வேலை வாழ்க்கையில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

அதிகாரி திரும்பி வந்து உள்ளே போனார். மூன்றாம் வகுப்பில் கணக்குக் கேட்டார், விடை வந்தது. வாசிக்கச் சொன்னார், வாசித்தார்கள். டீ குடித்த பலனாகக் கக்கூசுக்கும் போக நேர்ந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது: உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் வெளியே நின்று அவருக்கு விளக்கினார்கள். அதிகாரி பாடினார். குரல் நன்றாகவே இருந்தது என்று எல்லா வகுப்பும் ஒத்துக்கொண்டது. மறுவாரம் தாழ்ப்பாள் வந்தது. மூடுகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஆறாம் வகுப்பு வருவதற்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதுவும் சம்மட்டி மாதம் தவறாமல் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் நின்றதால் வந்தது. அவள் வந்து போகிற நாளில் அந்த அலுவலகத்தின் தரையும் சற்று இறங்குவதாக அங்கே இருப்பவர்கள் சொன்னார்கள். அனுமதி கிடைத்ததும் அறையைத் தெருவே கட்டியது. அதன் பிறகு ஏழு, எட்டு என்று பக்கத்தில் பக்கத்தில் அறைகள் முளைத்தன.

இப்போதும் பள்ளிக்கூடம் பேச்சுக்குத் தக்கபடி ஒரு விரல் ஏறும், ஒரு விரல் இறங்கும். புதிதாகச் சேர்க்க வருகிறவர்களிடம், படி அப்படியிப்படி இருக்கும், காலைப் பார்த்து வையுங்கள் என்று மட்டும் சொல்வார்கள். வேறு விளக்கம் யாரும் கேட்பதில்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் உள்ளே வந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று தெருவில் ஒரு ஏற்பாடு ஆகிவிட்டது. அதனால் குறைகள் குறைந்தன, இருக்கிறவை நன்றாகக் கனத்தன.

மகள் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்த முதல் நாள், சம்மட்டி வேலைக்குப் போகிற வழியில் சட்டியோடு வந்து கதவருகே நின்றாள். பெஞ்சுகளைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். தலையில் எண்ணெய் வைத்து, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். சொல்வதற்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. காலுக்கடியில் தரை எழும்ப ஆரம்பித்தது. பிள்ளைகள் வழக்கம்போலப் பென்சில்கள் உருண்டுவிடாமல் கையால் அணைத்துக்கொண்டார்கள். டீச்சர் சாக்குக் கட்டியை நிறுத்திவிட்டு, திரும்பாமலே காத்திருந்தாள். சம்மட்டி அவசரமாகச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"மேஸ்திரி பூசின லட்சணத்தப் பாரு. இந்த மூலையில தடிப்பா இருக்கு, அந்த மூலையில தேஞ்சு கெடக்கு" என்றாள். அது உண்மைதான். தரை இறங்கி நின்றது. டீச்சர் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். சம்மட்டி சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.